குளிப்பாட்டிய பால்

அந்த அடுப்பைப் போட்டது ரகுபதி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு மருத்துவமனையில் யார் யார் தலையோ உருண்டது, என் தலையும் கொஞ்சம் உருண்டது. ஆனால் தாய்ப்பால் பாட்டிலுக்குக் கீழே நெருப்பை வரையவைத்து, அதை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி, லிஃப்டுக்கு எதிரே மாட்டிய புண்ணியவான் அவர்தான்.

எங்கள் மருத்துவமனை மயிலாப்பூரில், லஸ் முனையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. மூன்றாவது மாடியில் பச்சிளங்குழந்தைப் பிரிவு. அதற்குப் பக்கத்தில், முன்பு உடைந்த நாற்காலிகள் போட்டுவைத்திருந்த அறைதான் தாய்ப்பால் வங்கி. நான் அதன் பொறுப்பாளர். பெயர் தமிழ்நிலா. அந்தப் பெயரில் என்னைக் கூப்பிடுகிற ஆள் கட்டடத்தில் ஒருவரும் இல்லை; எல்லோருக்கும் நான் பால் சிஸ்டர். நிறையப் பால் சுரக்கிற தாய்மார்களிடம் கேட்டு வாங்கி, கிருமி நீக்கி, உறையவைத்து, தாயிடம் பால் கிடைக்காத குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுப்பது என் வேலை. இதில் கேட்பதுதான் பெரும்பாடு. ரத்தம் கொடுங்கள் என்றால் உடனே சட்டைக் கையை மடிக்கிற குடும்பங்கள்கூட, பால் கொடுங்கள் என்றால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

அப்படிப் பார்க்காமல் கொடுத்தவள் சொர்ணம். நொச்சிக்குப்பத்துக்காரி. கணவன் கடலுக்குப் போகிறவன், இவள் மீன் விற்கிறவள். இவளுடைய மூன்று மாதப் பிள்ளை செம்பியனைக் கொஞ்ச நேரம் தூக்கி வைத்திருந்தாலே எனக்குத் தோள் வலிக்கும். அவன் குடித்தது போகப் பால் கட்டிக்கொண்டு, காய்ச்சலோடு எங்களிடம் வந்தாள். அதுவரை மிஞ்சிய பாலைப் பீய்ச்சிக் குப்பத்துப் பூவரச மரத்தடியில் ஊற்றிக்கொண்டிருந்தாளாம். கால் படுகிற இடத்தில் ஊற்றக் கூடாது, எறும்பு மொய்க்கக் கூடாது, நெருப்பில் பட்டால் மார்பு வற்றிப்போகும் என்று பாலுக்கு ஒரு சட்டப் புத்தகமே அவளிடம் இருந்தது. மரத்துக்கு ஊற்றுவதைக் குழந்தைக்கு ஊற்றேன் என்றேன். கொஞ்சம் யோசித்து, மரம் கோவித்துக்கொள்ளாதே என்று மட்டும் கேட்டாள். அன்றிலிருந்து காலை வியாபாரம் முடிந்ததும் ஷேர் ஆட்டோ பிடித்து வந்துவிடுவாள். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவச் சொல்வேன், மீன் வாசனை போகிற வரை விடமாட்டேன். பம்ப்பை வைத்தால் போதும், நாலு பேர் கொடுப்பதை இவள் ஒருத்தி கொடுத்துவிட்டு, சிரித்துக்கொண்டே கிளம்பிப் போவாள்.

அந்தப் பாலில் முக்கால்வாசி போனது ஜஹீதாவின் பெண்குழந்தைக்கு. ஏழாம் மாதத்தில் பிறந்தது. எடை ஒரு கிலோவைத் தொடவில்லை. தாய்க்கு ரத்த அழுத்தம் எகிறி, வேறொரு மாடியில் தீவிர சிகிச்சையில் கிடந்தாள். அவளுக்கு ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. முதல் வாரம் டின் பால் கொடுத்துப் பார்த்தார்கள். குழந்தையின் வயிறு பலூன் மாதிரி உப்பி, பச்சையாக வாந்தி எடுத்து, இரண்டு நாள் பிழைக்குமா என்றே தெரியவில்லை. எங்கள் தலைமை மருத்துவர் பஞ்சாட்சரம் அதிகம் பேசாத மனிதர். இதற்கு இனி தாய்ப்பால் மட்டும்தான் என்று சொல்லி முடித்துக்கொண்டார். பிறகு சொர்ணத்தின் பால் டியூப் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்க ஆரம்பித்தது. வயிறு இறங்கியது. குழந்தை ஒரு நாள் கொட்டாவி விட்டது. நாங்கள் அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டு அதைப் போய்ப் பார்த்தோம்.

குழந்தையின் அப்பா நதீம், மீர்சாகிப்பேட்டையில் ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்கிறவன். தி.நகர்க் கடைகளிலிருந்து வரும் கல்யாண ரவிக்கைகளைச் சட்டத்தில் மாட்டி ஊசியால் ஜரிகையும் மணியும் வைத்துத் தைப்பான். வேலை நேரம் போக மீதி நேரமெல்லாம் எங்கள் வராந்தாவில் உட்கார்ந்திருப்பான். யாருடைய பால் என்று கேட்டான். சொல்லக் கூடாது என்பது விதி என்றேன். நல்லா இருக்கட்டும் அந்தத் தாய் என்று சொல்லிவிட்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஆகஸ்ட் மாதம் பிறந்தது. தாய்ப்பால் வாரம்.

ரகுபதி எங்கள் மக்கள் தொடர்பு அதிகாரி. எந்த வாரம் வந்தாலும் போஸ்டர் போடுவார். கண் வாரம், பல் வாரம், கைகழுவும் வாரம் எல்லாம் பார்த்தவர். தாய்ப்பால் தானத்தை ஊக்குவிக்க வேண்டும், விஷயம் ஒரே பார்வையில் மண்டையில் ஏற வேண்டும் என்று சொல்லி, தி.நகரில் ஒரு டிசைன் கடையில் கொடுத்துச் செய்து வாங்கி வந்தார். தலைப்பு ‘உங்கள் பால் செல்லும் பாதை’. மூன்று படங்கள். முதலில் சிரிக்கிற அம்மா. கடைசியில் சிரிக்கிற குழந்தை. நடுவில் கேஸ் அடுப்பு. அதன்மேல் ஒரு பாட்டில். அதைச் சுற்றிக் கொழுந்துவிட்டு எரியும் ஆரஞ்சு நிற நெருப்பு. எங்கள் அறையில் அடுப்பே கிடையாது. வெந்நீர்த் தொட்டி உள்ள ஒரு இயந்திரம் இருக்கிறது. அதற்குள் பாட்டில்கள் அறுபத்திரண்டரை டிகிரி சூட்டில் அரை மணி நேரம் நிற்கும், பிறகு ஐஸ் தண்ணீருக்குப் போகும். அவ்வளவுதான். நெருப்பு எங்கிருந்து வந்தது என்று ரகுபதியிடம் கேட்டேன். சூடுபடுத்தப்படும் என்று நீங்கள்தானே எழுதிக் கொடுத்தீர்கள் என்றார்.

விஷயம் ஒரே பார்வையில் எல்லோர் மண்டையிலும் ஏறியது. மாட்டிய சாயங்காலமே யாரோ அதை ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டிருந்தார்கள். அடுத்த நாள் பால் கொடுக்க ஒருத்தியும் வரவில்லை.

நெருப்பில் பட்டால் மார்பு வற்றும் என்பதைச் சொர்ணம் மீன் விற்கிறவள், படிக்காதவள், அதனால் நம்பினாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மாளவிகா என்று ஒரு பெண் வடக்கு மாட வீதியிலிருந்து வந்துகொண்டிருந்தாள். பெரிய கணினிக் கம்பெனியில் பெரிய உத்தியோகம். அவளுக்குப் போன் போட்டு, நீங்களாவது வாருங்கள் என்றேன்.

“எனக்கு இதுலல்லாம் நம்பிக்கை கெடையாது சிஸ்டர்” என்றாள். “ஆனா ஆத்துல அம்மா அந்த போஸ்டர் ஃபோட்டோவைப் பாத்துண்டே உக்காந்திருக்கா. நம்பிக்கை இல்லேங்கறதுக்காக நான் ஏன் ரிஸ்க் எடுக்கணும்?”

போனை வைத்துவிட்டு, பட்டியலில் அடுத்த பெயரைத் தேடினேன்.

சொர்ணம் மட்டும் வந்தாள். பால் கொடுக்க வரவில்லை, சண்டை போட வந்தாள். துணைக்கு நாத்தனார் சந்திரிகா, அவள் தோளில் செம்பியன். மூன்று பேருமாக லிஃப்டுக்கு எதிரே நின்று போஸ்டரைப் பார்த்தார்கள். செம்பியன்கூடப் பார்த்தான்.

“காய்ச்சிக்கினு கீறியா?” என்றாள் சொர்ணம். கோபம் வந்தால் நான் அவளுக்கு ‘நீ’ ஆகிவிடுவேன்.

உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தேன். நேற்று சாயங்காலத்திலிருந்து மார்பு எரிகிறது என்றாள். போஸ்டர் மாட்டியதும் நேற்று சாயங்காலம்தான் என்று சந்திரிகா எடுத்துக் கொடுத்தாள். பம்ப்பை வைத்துப் பார்த்தேன். பாட்டிலின் அடியை நனைக்கிற அளவுக்குத்தான் வந்தது. செம்பியனை விட்டுப் பார்த்தோம். அவனும் முட்டி முட்டிப் பார்த்துவிட்டு வீரிட்டான். சொர்ணத்தின் கண்ணில் நீர் நின்றது. அவளுக்கு இப்போது யாரோ ஒரு குழந்தையைப் பற்றிய கவலை இல்லை. தன் பிள்ளையைப் பற்றியே பயம் வந்துவிட்டது.

நான் நிதானமாகத்தான் ஆரம்பித்தேன். போஸ்டர்தான் நேற்று வந்தது, பாலை முதல் நாளிலிருந்தே சூடு செய்கிறோம், அப்படியானால் முதல் நாளிலிருந்தே அல்லவா எரிந்திருக்க வேண்டும் என்று கேட்டேன். இந்தக் கேள்வியில் நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

“அப்போ எங்களுக்குத் தெரியாது” என்றாள் சந்திரிகா. “இப்போ தெரிஞ்சிபூட்ச்சில்ல.”

நியாயமாகப் பார்த்தால் அவள் சொன்னது சரி. பயந்தால் பால் இறங்காது என்று என் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. நெருப்பென்று தெரிந்ததும் சொர்ணம் பயந்தாள். பயந்ததும் பால் நின்றது. அவளுடைய சட்டப் புத்தகமும் என்னுடைய பாடப் புத்தகமும் எதிரெதிர் வழியில் போய் ஒரே முடிவில் வந்து நின்றன. எனக்கு வந்த எரிச்சல் சொல்லி மாளாது.

பஞ்சாட்சரம் போஸ்டரைக் கழற்றச் சொன்னார். கழற்றியது இன்னும் மோசமாகப் போனது. ஏதோ இருப்பதால்தான் மறைக்கிறார்கள் என்று பிரசவ வார்டு முழுக்கப் பேச்சு. ரகுபதி ஒரு யோசனை சொன்னார். நெருப்பால் ஆபத்தில்லை என்று இன்னொரு போஸ்டர் போடலாம், நெருப்பைக் கொஞ்சம் பெரிதாக வரைந்து அதன்மேல் பச்சை நிறத்தில் சரி என்று குறி போட்டுவிடலாம் என்றார். பஞ்சாட்சரம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஃப்ரீசரைத் திறந்து பார்த்தோம். இருந்தது மூன்று நாளைக்குக் காணும். நகரத்தில் மற்ற பால் வங்கிகளுக்கும் போன் செய்தேன். அவர்களிடமே பற்றாக்குறை. இதில் இன்னொரு சங்கடம், சூடுபடுத்திய பாலில் கிருமி இல்லை என்று லேப் சொல்ல இரண்டு நாள் பிடிக்கும். நாளைக்குள் யாராவது பால் கொடுத்தால்தான் இருப்பு தீர்வதற்குள் புதுப் பால் தயாராகும். இல்லாவிட்டால் மறுபடியும் டின் பால்தான் என்றார் பஞ்சாட்சரம். போன முறை அந்தக் குழந்தை தப்பியதே பெரிது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வராந்தாவில் நதீம் எழுந்து நின்றான். எப்படித்தான் தெரிந்ததோ.

“சிஸ்டர், அந்த அம்மா யாருன்னு மட்டும் சொல்லுங்க. நானே போய்க் கேக்கறேன். கால்ல உழுந்து கேக்கறேன்.”

அவன் விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தழும்பு. சொல்லக் கூடாது என்ற விதியை எழுதியவன் மேல் எனக்கு அன்றைக்கு நல்ல கோபம். கைப்பையை எடுத்துக்கொண்டு நானே நொச்சிக்குப்பத்துக்குக் கிளம்பினேன்.

நான் போனபோது சொர்ணம் வாசலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வா என்று மட்டும் சொன்னாள். சந்திரிகா முட்டிக்கு மேல் சேலையைச் சுருட்டி, தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, காலின்மேல் செம்பியனைக் குப்புறப் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பெரிய அன்னக்கூடை. அதிலிருந்து ஆவி பறந்தது. மொண்டு மொண்டு அவன் முதுகில் ஊற்றினாள். பையன் அழவில்லை, கண் சொருகிக் கிடந்தான். எனக்குப் பதறியது. அந்தத் தண்ணீரில் விரலை விட்டேன், சுருக்கென்றது.

இவ்வளவு சூடா என்று கேட்டேன். இந்தச் சூடு இருந்தால்தான் உடம்பு கெட்டிப்படும், கண்டது கழியது ஒட்டாமல் இருக்கும் என்றாள் சந்திரிகா.

அந்த வினாடியில் எனக்குப் புத்தி வந்ததா, போனதா என்று இன்றுவரை தெரியாது. “இதத்தான் நாங்களும் செய்யறோம்” என்றேன். “உன் பாலை நாங்க அடுப்புல வைக்கல சொர்ணம். வெந்நீர்ல குளிப்பாட்டறோம். கண்டது கழியது ஒட்டக் கூடாதுன்னு.”

சந்திரிகாவின் கையில் இருந்த செம்பு அப்படியே நின்றது. சொர்ணம் திரும்பி உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு நடந்தது விசாரணை. எந்தக் கருத்தரங்கிலும் என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை. நெருப்பு எங்கே இருக்கிறது? நெருப்பே இல்லை, கரண்ட். தண்ணீர் பாலில் கலக்குமா? கலக்காது, பாட்டிலுக்கு வெளியேதான். எவ்வளவு நேரம்? அரை மணி. அரை மணியா என்று சந்திரிகா புருவத்தைத் தூக்கினாள், அவ்வளவு நேரம் இவனையே ஊறவைப்பதில்லையாம். முடிந்ததும் என்ன செய்வீர்கள் என்றாள் சொர்ணம். ஐஸ் தண்ணீரில் வைப்போம் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

“இன்னா சிஸ்டர் இது” என்று சொர்ணம் எழுந்தே விட்டாள். “வென்னீல குளிப்பாட்டிட்டு பச்சத் தண்ணீல போடுவாங்களா? ஜன்னி கண்டுக்காது?”

பாலுக்கு மூக்கில்லை, மூக்கில்லாததற்குச் சளி பிடிக்காது என்று நான், எம்.எஸ்ஸி. படித்தவள், குப்பத்தின் நடுவில் நின்று சத்தமாகச் சொன்னேன். நாத்தனாரும் அண்ணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அது நியாயமாகத்தான் பட்டது போலிருக்கிறது. கண்ணால் பார்த்தால்தான் ஒப்புக்கொள்வோம் என்றார்கள்.

மறுநாள் காலையில் வந்தார்கள். குளிப்பாட்டிக் காட்டப் பால் இல்லாததால் பாட்டில்களில் வெறும் தண்ணீரை நிரப்பி இயந்திரத்துக்குள் நிறுத்தினேன். தண்ணீரைத் தண்ணீரில் குளிப்பாட்டினேன் என்று எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. இயந்திரத்துக்குக் கண்ணாடி மூடி உண்டு. சூடு சமமாகப் பரவத் தொட்டி மெதுவாக முன்னும் பின்னும் ஆடும். பாட்டில்கள் வரிசையாகக் கழுத்தளவு வெந்நீரில் நின்று ஆடின. சொர்ணம் கண்ணாடியில் மூக்கு ஒட்ட நின்று பார்த்தாள்.

“தூளி மாறி ஆட்டுது பாரு அண்ணி” என்றாள் சந்திரிகா.

“வெறுந் தண்ணிக்கே இப்டி பாத்துக்கிறாங்களே” என்றாள் சொர்ணம். அவள் ரவிக்கை பால் கசிந்து நனைந்திருந்ததை மூவரும் ஒரே நேரத்தில் பார்த்தோம். எனக்குச் சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கூடவே, பட்டம் வாங்கிய நான் இரண்டு நாளாகச் சொல்லி நடக்காததை இந்தத் தொட்டி ஆடியே நடத்திவிட்டதே என்ற ஆத்திரமும் இருந்தது. பம்ப்பைக் கொண்டு வந்தேன். அன்று அவள் கொடுத்தது பழைய கணக்குக்கு மேலேயே இருந்தது.

ஆனால் நிபந்தனைகள் போட்டாள். குளிக்கும்போது கூட ஓர் ஆள் இருக்க வேண்டும். தண்ணீரில் இருக்கிற குழந்தையை யாராவது தனியாக விடுவார்களா? சரி என்றேன். கண்ணேறு படாமல் இருக்கத் தொட்டிக்கு ஒரு கறுப்புப் பொட்டு. வெளிப்புறமாக, ஓரத்தில் என்றால் சரி என்றேன். குளித்து முடித்ததும் சாம்பிராணி. அது மட்டும் கூடாது, இது மருத்துவமனை என்று கண்டிப்பாகச் சொன்னேன். சொர்ணம் ஒப்புக்கொண்டாள். சந்திரிகா ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாததை நான் கவனித்திருக்க வேண்டும்.

உண்மையான பாலை உள்ளே வைத்தேன். புதிதாகக் கிடைத்ததெல்லாம் அதுதான், அது கெட்டால் அடுத்த வழி டின் பால். முடியப்போகிற நேரத்தில் ஐஸ் எடுத்துவர இரண்டாவது மாடி லேப்புக்குப் போனேன். சொர்ணம் காவலுக்கு இருந்தாள். ஐஸ் பெட்டியோடு நான் திரும்பியபோது கட்டடம் முழுக்க அபாயமணி அலறியது.

மாடிப்படியில் ஜனங்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். மேலே ஏற முயன்றவள் நான் ஒருத்திதான். பச்சிளங்குழந்தைப் பிரிவின் கனத்த கதவுகள் தானாக மூடிக்கொண்டுவிட்டன, பாதுகாப்புக்காக அப்படி ஒரு ஏற்பாடு. மற்ற எல்லோரையும் செக்யூரிட்டி வலியுல்லா கீழே அனுப்பிக்கொண்டிருந்தார். தீயணைப்புப் பயிற்சி எடுத்த நாளிலிருந்து இந்த மணிக்காகக் காத்திருந்த மனிதர் அவர். கையில் சிவப்பு சிலிண்டர், முகத்தில் அப்படி ஒரு களை.

“ஐஸ் எட்துக்கினு எங்க போறீங்க சிஸ்டர்? அத்த வெச்சி அணைக்க முடியாது” என்றார்.

அப்போதுதான் கூட்டத்தோடு சந்திரிகா இறங்கி வந்தாள். ஒரு கையில் செம்பியன், மறு கையில் ஒரு தட்டு, தட்டில் புகைந்துகொண்டிருந்த கப் சாம்பிராணி. அவள் முகமெல்லாம் பீதி. எங்கே நெருப்பு, எங்கே நெருப்பு என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டே, புகையைக் கூடவே கூட்டிக்கொண்டு போனாள். போகிற வழியெல்லாம் ஒவ்வொரு மாடி மணியும் புதிதாக அலற ஆரம்பித்தது.

நான் வலியுல்லாவைத் தள்ளிவிட்டு மேலே ஓடினேன். நேரத்துக்கு மேல் சூட்டில் இருந்தால் பாலில் இருக்கிற நல்லதெல்லாம் போய்விடும், பிறகு அதைக் கொட்டத்தான் வேண்டும். பால் அறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. இன்னொரு செக்யூரிட்டிக்காரர் வெளியே நின்று தட்டிக்கொண்டிருந்தார். தீ, தீ, வெளியே வாம்மா என்று கத்தினார். உள்ளேயிருந்து சொர்ணத்தின் குரல் வந்தது.

“கொழந்தைங்க தண்ணீல கீதுங்க. குளிச்சி முடிக்கட்டும், வர்றேன்.”

சாம்பிராணிதான் என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. நெருப்பென்று நினைத்துக்கொண்டுதான் உள்ளே உட்கார்ந்திருந்தாள். நெருப்புக்குப் பயந்து பால் வற்றிப்போனவள் அவள்.

நான்தான் என்று சொன்னதும் கதவைத் திறந்தாள். திறந்துவிட்டு ஓடிப்போய்ப் பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். இயந்திரத்துக்கு முன்னால் தரையில், சந்திரிகா உட்கார்ந்தது போலவே காலை நீட்டி. ஆச்சு, ஆச்சு, இன்னும் கொஞ்ச நேரம் என்று பாட்டில்களிடம் பேசிக்கொண்டிருந்தாள். அவள் சொல்லி வாய்மூடவும் இயந்திரம் கூவவும் சரியாக இருந்தது. ஒவ்வொரு பாட்டிலாக எடுத்து ஐஸ் தண்ணீரில் இறக்கினேன். இறக்கும்போதெல்லாம் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். குளிருமாம்.

பஞ்சாட்சரம் வந்து வாசலில் நின்றார். வராந்தாவைப் பார்த்தார், மோந்து பார்த்தார், தும்மினார். தரையில் கால் நீட்டியிருந்த சொர்ணத்தைப் பார்த்தார். வேலை போயிற்று என்று நினைத்தேன்.

பால் தப்பித்ததா என்று கேட்டார். தப்பித்தது என்றேன்.

“சாம்பிராணி இனிமே வாசல் கேட்டுக்கு வெளியில” என்றார். பிறகு இயந்திரத்தின் ஓரத்தில் இருந்த கறுப்புப் பொட்டைக் குனிந்து பார்த்தார். அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

லேப் நல்ல செய்தி சொன்னது. இருப்பு தீர்ந்த அன்று மத்தியானமே புதுப் பால் டியூபில் இறங்கியது. நதீம் கண்ணாடிக்கு வெளியே நின்று அந்த டியூபைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அதன் பிறகு எங்கள் வார்டில் நடந்த கூத்தை யாரிடமும் சொல்ல முடியாது. குளியல் நேரம் எப்போது என்று கேட்டுக்கொண்டு தாய்மார்கள் கண்ணாடிக்கு வெளியே கூடினார்கள். மாளவிகா அம்மாவோடு வந்தாள். அந்த மாமி உற்றுப் பார்த்துவிட்டு, ஸ்நானம்தானே, பேஷா பண்ணட்டும் என்று உத்தரவு கொடுத்தார். ரகுபதி புதுப் போஸ்டர் போட்டார். அதில் ஒரு பாட்டில், தலையில் துண்டு கட்டிக்கொண்டு, தொட்டிக்குள் உட்கார்ந்து சிரித்தது. நிர்வாகம் அவரைக் கூப்பிட்டு, நல்ல கற்பனை என்று பாராட்டியது. என்னைக் கூப்பிட்டு, வெளியாளை எப்படி உள்ளே விட்டாய் என்று கேட்டது.

ஜஹீதா தேறி, சக்கர நாற்காலியில் மேலே வந்தாள். சில நாளில் அவளுக்கும் பால் வந்தது. முதல் நாள் பாட்டிலில் கொஞ்சூண்டு. சொந்தக் குழந்தைக்குச் சொந்தத் தாயின் பாலை அப்படியே கொடுக்கலாம், சூடெல்லாம் வேண்டாம் என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. எல்லார் பாலும் குளித்துவிட்டுப் போகிறது, என்னுடையது மட்டும் அப்படியே போக வேண்டுமா என்று கேட்டாள். அவளுக்குப் புரியவைக்க எனக்கு ஒரு மத்தியானம் முழுக்க ஆனது. இதற்கெல்லாம் நான் ஒருத்திதான் காரணம் என்பதால் யாரையும் திட்டவும் முடியவில்லை.

குழந்தைக்கு அதீபா என்று பெயர் வைத்தார்கள். வீட்டுக்குப் போகிற எடை வந்தது. அவ்வளவு சின்ன உடம்பில் அதுவரை தண்ணீரே ஊற்றவில்லை, பஞ்சால் துடைத்ததோடு சரி. வீட்டுக்குப் போகிற அன்று காலை முதன்முதலாகக் குளிப்பாட்டினார்கள். எல்லாக் குழந்தையும் அந்த முதல் தண்ணீருக்கு ஊரைக் கூட்டும் என்பதால் நதீம் பயந்துபோய் வெளியே நின்றான். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அன்றைக்குச் சொர்ணம் வழக்கம்போல வந்து, முழங்கை வரை சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். முதுகைக் காட்டிக்கொண்டே, ஒரு குழந்தை வீட்டுக்குப் போயிற்றாமே என்றாள். ஆமாம் என்றேன். அதற்கு மேல் சொல்லக் கூடாது என்று அவளுக்கும் தெரியும். ஆணா பெண்ணா, பெயர் என்ன, யார் வீட்டுப் பிள்ளை என்று எதையும் அவள் கேட்கவில்லை. குழாயை மூடினாள்.

“மொத மொத தண்ணி ஊத்தினப்போ அழுதுச்சா சிஸ்டர்?”

“இல்ல சொர்ணம். அழவே இல்ல.”

“அதெப்டி அழும்?” என்றாள் அவள். “தெனிக்கும் குளிச்ச கொழந்ததான அது.”

கையை உதறிக் காயவைத்துக்கொண்டு, நாற்காலியில் வந்து உட்கார்ந்து, பம்ப்பைக் கேட்டாள். நான் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எடுத்துக் கொடுத்தேன்.